மேசையோரத்து ஸ்டூல்

நிக்காதீங்கம்மா. கழுகுமலை வரைக்கும் சீட்டு கிடைக்காது. இந்த ஸ்டூல்ல உட்காருங்க. அட, ஆடாது, வேங்கை மரம். கண்டக்டரும் ஒண்ணும் சொல்ல மாட்டார், லக்கேஜ் டிக்கெட் வாங்கிட்டேன். என் பக்கமா இழுத்துப் போட்டுக்கோங்க. இன்னும் கொஞ்சம். ஆங், இப்பதான் பேச வசதி.

கூட வந்தவங்க யாரு, நாத்தனாரா? பின்னாடி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நிக்கட்டும், ஒரு ஸ்டூலுதானே இருக்கு.

இந்த பஸ் படி எவ்வளவு உசரம்னு பாத்தீங்களா? எனக்கு முட்டி வலி. கோவில்பட்டி ஸ்டாண்டுல இந்த ஸ்டூலைத்தான் கீழ போட்டு ஏறினேன். ஏறிட்டு, திரும்பி எடுக்கலாம்னு குனியிறேன், பின்னாடி வந்த பெரியவர் அது மேல மிதிச்சு ஏறிட்டார். அப்புறம் ஒரு கைப்பிள்ளைக்காரி. அப்புறம் மூட்டையோட ரெண்டு பேரு. காலு ரெண்டும் நல்லா இருக்கிற பயலுவகூட அது மேல மிதிச்சுத்தான் ஏறுறானுவ. நீங்களும் அப்படித்தானே ஏறினீங்க? இல்ல, இல்ல, தப்புன்னு சொல்லலை. ஆனா அது என் முட்டிக்காக நான் போட்டது. ஒருத்தராவது கேட்டாங்களா?

ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு இந்தம்மா எங்க போகுதுன்னு நினைச்சிருப்பீங்க. நான் டீச்சரு. தங்கபுஷ்பம். ஸ்கூல்ல புஷ்பம் டீச்சர்னாத்தான் தெரியும். சமூக அறிவியல். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். எட்டயபுரம் தாண்டி ஒரு கிராமத்துல அரசு நடுநிலைப் பள்ளி, பதினொரு வருஷம் அங்க இருந்தேன். நேத்தோட முடிஞ்சுது. இன்னைக்கு சங்கரன்கோவில் பக்கம் ஒரு ஸ்கூல்ல போய்ச் சேரணும். மாற்றுப்பணி. நானே கேட்டு வாங்கினது. என்னை யாரும் விரட்டலை. அதை முதல்லயே சொல்லிடுறேன், நீங்களா ஒண்ணு நினைச்சுக்கக் கூடாது பாருங்க.

வீடு கோவில்பட்டியிலதான். தனி ஆளு. கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் நடக்கலை. அது வேற கதை, அதை இப்ப எடுத்தா சங்கரன்கோவில் தாண்டி தென்காசி வரைக்கும் போகணும்.

இந்த ஸ்டூலு ஒரு பிள்ளைக்காகச் செஞ்சது. உலகம்மாள்னு பேரு, உலகுன்னு கூப்பிடுவோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஆறாப்புல வந்து சேர்ந்தா. அவ அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குக் குச்சி அடுக்கப் போறவ. முதல் நாளு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நின்னா. “டீச்சர், இதுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் புகை மாதிரிதான் இருக்குமாம். பாத்துக்கோங்க டீச்சர்”னு சொல்லிட்டு, வேலைக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டா. பாத்துக்கோங்கன்னு சொன்னா. நான் பாத்துக்கிட்டேன். அதுல என்ன தப்பு, நீங்களே சொல்லுங்க.

அந்தப் பிள்ளையை பெஞ்சுல போட்டா என்ன ஆகும்? போர்டு தெரியாது. பக்கத்துப் பிள்ளை சீண்டும். அதனால என் மேசைக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டேன். முதல்ல ஒரு பிளாஸ்டிக் சேர். அது உசரம் பத்தலை. அப்புறம் ஆசாரிகிட்ட அளவு சொல்லி இதைச் செய்யச் சொன்னேன். மேசைக்குச் சரியா வரும். உட்கார்ந்தா அவ தோளு என் தோளுல இடிக்கும். பிள்ளைக எல்லாம் போர்டைப் பாத்து உட்கார்ந்திருக்கும், இவ என்கூட சேர்ந்து பிள்ளைகளைப் பாத்து உட்கார்ந்திருப்பா. பாத்துன்னா, அவளுக்கு எங்க தெரியப்போகுது, புகைதான்.

அவளுக்குன்னு தனி நோட்டு. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவுல ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவுக்கு எழுதுவேன். சாயங்காலம் வீட்டுக்குப் போயி, ஒரு காபியைப் போட்டுக்கிட்டு, எழுத ஆரம்பிச்சா விளக்கு வைக்கிற நேரம் ஆயிரும். ஒரு பாடத்துக்கு ஒரு நோட்டு பத்தாது. சமூக அறிவியல் மட்டும் இல்லம்மா, தமிழு, அறிவியல், எல்லாம் நான்தான். ரெண்டு வருஷத்துல எழுபத்தி மூணு நோட்டு. கையெல்லாம் மசி. என் தம்பி பொண்டாட்டி கேட்டா, “ஏன் மைனி, உங்களுக்கு வேற வேலை இல்லையா?”ன்னு. இல்லைதான். வேற என்ன வேலை எனக்கு?

மத்தியானம் சாப்பாடும் என்கூடத்தான். மத்த பிள்ளைக வரிசையில போயி சத்துணவு வாங்கி வேப்பமரத்தடியில உட்கார்ந்து தின்னும். ஒரே கூச்சல். இவளுக்கு நான் தட்டுல வாங்கிட்டு வந்து மேசையில வைப்பேன். என் டப்பாவுல இருந்து ஒரு பொரியல், ஒரு அப்பளம். ரெண்டு பேரும் சாப்பிடுவோம். அவ அதிகம் பேச மாட்டா. நான்தான் பேசுவேன். விளையாட்டு பீரியடுல வெளிய விட மாட்டேன். விழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? அந்த நேரத்துல நான் அவளுக்குப் பாடம் வாசிச்சுக் காட்டுவேன். ஜன்னல் பக்கம் சத்தம் கேட்டா தலையைத் திருப்புவா. “ஏட்டி, இங்க கவனி”ன்னா திரும்பிக்குவா. அவ்வளவு நல்ல பிள்ளை. சொன்ன சொல்லு தட்டாது.

பரிச்சையும் அப்படித்தான். அவ சொல்லுவா, நான் எழுதுவேன். சின்னப் பிள்ளைதானே, ரெண்டு வரி சொல்லிட்டு நிறுத்திரும். அது என்ன சொல்ல வருதுன்னு எனக்குத் தெரியும்ல, மீதி எட்டு வரியை நான் சேர்த்துக்குவேன். எல்லாம் அவ நோட்டுல இருக்கிறதுதான். நான் எழுதிக் கொடுத்ததுதானே! ஏழாப்பு முழுப் பரிச்சையில சமூக அறிவியல்ல எண்பத்தெட்டு. கேள்வி கேட்டது நான், எழுதினது நான், திருத்தினதும் நான். ஒரு ஆளு குறை சொல்ல முடியுமா?

ரெண்டு வருஷம் அப்படி இருந்துச்சு. நான் ஸ்கூலுக்கு ஒரு நாள் லீவு போட்டதில்ல. காய்ச்சலோடகூட போனேன். அங்க ஒரு பிள்ளை என்னைத் தேடிக்கிட்டு இருக்கும்னு நினைச்சா காலு தானா நடக்கும். அந்த மாதிரி யாராவது உங்களைத் தேடியிருக்காங்களா? உங்களுக்கென்ன, நாத்தனார் எல்லாம் கூட வாராங்க.

எட்டாப்புக்கு வகுப்பு ஆசிரியையா பெனிட்டா வந்து சேர்ந்தா. தூத்துக்குடிப் பொண்ணு, இருபத்தாறு வயசு. கணக்கு, அறிவியல். வந்த மறுவாரமே எங்க ரெண்டு பேரையும் பயிற்சிக்கு அனுப்பினாங்க, ‘அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு’ன்னு. நானும் போனேன். ரெண்டு நாளு. முதல் நாளு சாம்பார் சாதம், ரெண்டாம் நாளு தக்காளி சாதம், ஆளுக்கொரு முட்டை. எனக்குத் தெரியாத எதையும் அவங்க சொல்லலை. பாடத்தைப் பல விதமாக் காட்டு, பிள்ளைக தனக்கு வந்த விதமாப் பதில் சொல்லட்டும், ஒரு பிள்ளைக்குன்னு பின்னாடி ஒட்டுப் போடாம முதல்லயே எல்லாருக்கும் சேர்த்துத் திட்டம் போடுன்னாங்க. நான் பாட்டுக்குக் கேட்டுட்டு வந்துட்டேன். பெனிட்டா அத்தனையையும் எழுதிக்கிட்டா. நோட்டுல கோடு போட்டு, கட்டம் கட்டி.

அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவ சும்மா இருக்க மாட்டான்னு.

வந்ததும் முதல் வேலையா அவ என்ன பண்ணினாங்கிறீங்க? உலகுகிட்ட போயி, “நீ எங்க உட்கார ஆசைப்படுற?”ன்னு கேட்டா. பிள்ளை திகைச்சுப் போச்சு. “புஷ்பம் டீச்சர் எங்க சொல்றாங்களோ அங்க”ன்னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பெனிட்டா சிரிக்கவும் இல்ல, கோவப்படவும் இல்ல. “சரி, யோசிச்சுச் சொல்லு. அவசரம் இல்ல”ன்னு விட்டுட்டா. அப்படி விட்டதுதான் விஷம்.

அப்புறம் வகுப்பையே தலைகீழா மாத்தினா. பாடத்துச் சாரத்தை பிள்ளைகளே பெரிய எழுத்துல சார்ட்டுல எழுதி நாலு சுவருலயும் கைக்கு எட்டுற உசரத்துல ஒட்டணும். கிட்ட போயிப் படிக்கிறவங்க போகலாம், விரலை வச்சுப் படிக்கலாம். பாடத்தைப் போன்ல பதிஞ்சு ஸ்பீக்கர்ல போடுவா. எதையும் கையில தொட்டுப் பாக்கக் கொடுப்பா. கேள்வி கேட்டா வாயால சொல்லலாம், படம் போடலாம், செஞ்சு காட்டலாம், நடிச்சும் காட்டலாம். உலகுக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும்!

நான் கேட்டேன். “ஏம்மா பெனிட்டா, ஒரு பிள்ளைக்குத்தானே கண்ணு தெரியாது? மத்த முப்பது பேருக்கும் எதுக்குப் பெரிய எழுத்து? பந்தியில ஒருத்தருக்குச் சர்க்கரைன்னா மொத்தப் பந்திக்குமா பாயசத்தை நிறுத்துவாங்க?”

அவ என்ன சொன்னா தெரியுமா? “டீச்சர், வாசல்ல சக்கர நாற்காலிக்காகச் சாய்தளம் கட்டியிருக்காங்கல்ல? நம்ம ஸ்கூல்ல சக்கர நாற்காலியில யாரும் இல்ல. ஆனா சத்துணவு அக்கா சிலிண்டரை உருட்டிக்கிட்டுப் போறது அது வழியாத்தான். நீங்க முட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஏறுறதும் அது வழியாத்தான். நான்கூட மழை நேரத்துல அது வழியாத்தான் வாரேன். ஒருத்தருக்குன்னு கட்டினது எல்லாருக்கும் ஆகுதுல்ல?”

பாத்தீங்களா வாயை? என் முட்டி எதுக்கு நடுவுல?

சும்மா சொல்லக் கூடாது, பின் பெஞ்சு கனிராசு இருக்கான், அவனுக்கு எழுத்தே வராது, அஞ்சாப்புல இருந்து வாயத் திறக்காத பய. அவன் இப்ப எந்திரிச்சு நின்னு பதில் சொல்றான். அது சரி. அவனைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. என் கதை உலகு கதை.

மூணு வாரம் இருக்கும். ஒரு நாளு எட்டாப்புக்குப் பாடம் எடுக்கப் போறேன், மேசைக்குப் பக்கத்துல ஸ்டூலு மட்டும் நிக்குது. அவ ரெண்டாவது பெஞ்சுல உட்கார்ந்திருக்கா. மாரிச்செல்வின்னு ஒரு வாயாடி, அவளுக்கும் இன்னொருத்திக்கும் நடுவுல. “ஏட்டி, இங்க வா”ன்னேன். எந்திரிச்சா. அப்புறம் மெதுவா, “இங்க இருக்கேன் டீச்சர்”னா. அவ்வளவுதான் சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா. ஆனா எனக்கு அன்னைக்கு என்ன பாடம் நடத்தினேன்னே தெரியலை. பெல் அடிச்சதும் அந்த ஸ்டூலைத் தூக்கிட்டு என் வகுப்புக்கு, ஏழாப்புக்கு, வந்துட்டேன். வேண்டாம்னா எதுக்கு அங்க கிடக்கணும்? எவனாவது கால் வைப்பான்.

மறுநாளு மத்தியானம் ரெண்டு தட்டு வாங்கிட்டு வந்துட்டேன். பழகின தோஷம். அவ வேப்பமரத்தடியில இருக்கா. அந்தத் தட்டை என்ன பண்றது? மூடி வச்சேன், சாயங்காலம் நாய்க்குப் போட்டேன்.

சாயங்காலமும் நோட்டை எடுத்துப் பழக்கத்துல ஒரு பக்கம் எழுதிட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, இப்ப பிள்ளைகளே எழுதி ஒட்டிக்கிதுகன்னு. சுவரைப் பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்க வீட்டுச் சுவருல ஒரு காலண்டரு, ஒரு கடியாரம்.

எச்.எம்.கிட்ட போனேன். கோமதிநாயகம் சார். நல்ல மனுஷன், ஆனா ரெண்டு பக்கமும் தலையாட்டுவார். “சார், பிள்ளை கெட்டுப் போகுது. போன வருஷம் எண்பத்தெட்டு. இந்தக் காலாண்டுல பாருங்க”ன்னேன். “பாப்போம் டீச்சர்”னார். பெனிட்டா ஏற்கனவே அவர்கிட்ட பேசி வச்சிருக்கா. எழுத முடியாதவங்க போன்ல பதிலைச் சொல்லிப் பதியலாம், பாட ஆசிரியர் கேட்டுத் திருத்தட்டும்னு. யாரும் பக்கத்துல உட்கார்ந்து எழுதக் கூடாது. சரி, வரட்டும்னு இருந்தேன்.

காலாண்டு முடிஞ்சு அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்பினாங்க. வீட்டுல வச்சுக் கேட்டேன். நாற்பது நிமிஷம். ஒரு தடவை கேட்டா போதும் திருத்த. நான் நாலு தடவை கேட்டேன். வீட்டுக்குள்ள ஒரு பிள்ளைக் குரலு கேட்டுக்கிட்டே இருந்துச்சு பாருங்க. சமையக்கட்டுல இருந்தாலும் கேக்குது, துணி மடிச்சாலும் கேக்குது. ஆனா பதில் எல்லாம் அரைகுறை. மழைநீர் சேகரிப்புன்னு ஒரு கேள்வி. நான் எழுதிக் கொடுத்த அஞ்சு பாயிண்டுல ஒண்ணுகூட இல்ல. “எங்க வீட்டு ஓட்டுல தண்ணி விழுற சத்தத்தை வச்சே எந்த இடத்துல குடத்தை வைக்கணும்னு எனக்குத் தெரியும், இருட்டுல எங்க அம்மாவுக்கு நான்தான் இடம் காட்டுவேன்”னு பேசிக்கிட்டே போறா. புத்தகத்துல இல்லாததுக்கு எப்படி மார்க்கு போடுறது? போடலை. கறாரா திருத்தினேன். நாற்பத்தொண்ணு.

எண்பத்தெட்டு எங்க, நாற்பத்தொண்ணு எங்க? பேப்பர் கொடுக்கிற அன்னைக்கு மனசுக்குள்ள எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். இப்ப வருவா, அழுதுக்கிட்டு வருவான்னு இருந்தேன். அவ மார்க்கு எழுதின சீட்டைத் தூக்கிக்கிட்டு வகுப்பு பூரா ஓடுறா! “நாற்பத்தொண்ணு! நாற்பத்தொண்ணு! என் மார்க்கு!” கனிராசுகிட்ட காட்டுறா, சத்துணவு அக்காகிட்ட காட்டுறா. என்கிட்டயும் வந்து, “டீச்சர், என் மார்க்கு பாத்தீங்களா?”ங்கிறா. நான்தானேட்டி போட்டேன்! என் மார்க்கு, என் மார்க்குன்னா, அப்ப அந்த எண்பத்தெட்டு யாரு மார்க்கு? அந்தப் பிள்ளைக்குக் கணக்கும் வராது போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

இந்தாங்க, அரைநெல்லிக்காய். உப்பும் வத்தப்பொடியும் உள்ள பொட்டலத்துல இருக்கு. எடுத்துக்கோங்க, நிறைய இருக்கு. இதுவும் அந்தக் கதையிலதான் வருது.

பொங்கல் லீவு முடிஞ்சு பெனிட்டா ஒரு வேலை கொடுத்தா. நம்ம பள்ளிக்கூடத்துக்கு மேப் போடணும்னு. அளவுகோல்னு கணக்குல வருதாம். மேப்பு என் பாடம்மா! இருபத்தெட்டு வருஷமா நான் நடத்துற பாடம். அதைக் கணக்குக்குள்ள கொண்டு போயிட்டா. பேப்பர்ல போடக் கூடாதாம், எல்லாரும் தொட்டுப் பாக்கிற மாதிரி இருக்கணுமாம். பெரிய அட்டை. சுவருக்குச் சணல் கயிறு, பெஞ்சுக்குத் தீக்குச்சி, மரத்துக்கு வேப்பங்குச்சி, ஆளுகளுக்குப் புளியமுத்து. அளவெடுக்க எல்லாப் பிள்ளைகளும் காலடி எண்ணி நடந்துச்சு. ஒரு வாரம் ஸ்கூலைச் சுத்திச் சுத்தி வருதுக. உலகு மாரிச்செல்வி தோளைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறா. எனக்கு ஜன்னல் வழியாப் பாத்தாலே பதறும்.

ரெண்டு தடவை விழுந்தா. நான் சொன்னேன்ல?

ஒரு நாளு ஓடி வந்தா என்கிட்ட. மூச்சு வாங்குது. கை நிறைய அரைநெல்லி. “டீச்சர், நம்ம ஸ்கூலுக்குப் பின்னாடி நெல்லி மரம் இருக்கு டீச்சர்!”

“ஆமா, இருக்கு. பதினொரு வருஷமா இருக்கு.”

“ரெண்டு வருஷமா நீங்க சொல்லவே இல்லையே டீச்சர்?”

இது என்ன கேள்வி? பாடத்துல இருந்தா சொல்லுவேன். நெல்லி மரம் எந்தப் பாடத்துல வருது? அதைத்தான் சொன்னேன். அப்புறம் என் கையைத் தடவிப் பிடிச்சு ரெண்டு நெல்லிக்காயை வச்சுட்டுப் போயிட்டா. ஒரே புளிப்பு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு.

மேப்பை முடிச்சு வராந்தாவுல வச்சாங்க. எச்.எம். பாராட்டினார். சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நான் போயிப் பாத்தேன். உலகு அங்கதான் இருந்தா, அம்மாவுக்காகக் காத்துக்கிட்டு. “கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க டீச்சர்”னா. மூடினேன். என் விரலைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறா. இது கேட்டு, இது சாய்தளம், இது குழாயடி, இது வேப்பமரம். அடியில பத்திருபது முத்து. நெல்லி மரத்துகிட்ட ஒரு கூட்டம். அப்புறம் ஒரு ரூமு. தீக்குச்சியா பெஞ்சு, மேசை, மேசைக்குப் பக்கத்துல ஒரே ஒரு புளியமுத்து. வேற ஆளே இல்ல அந்த ரூமுல.

பிள்ளை மறக்கலைன்னு நினைச்சேன். “இது நீதானே?”ன்னு கேட்டேன்.

“இல்ல டீச்சர். நான் இங்க இருக்கேன்”னு திரும்பவும் வேப்பமரத்தடிக்கு என் விரலைக் கொண்டு போனா. அந்தக் கூட்டத்துல ஒரு ஓரம். நாலு முத்து ஒட்டி ஒட்டி இருக்கு. “இது மாரிச்செல்வி, இது நான்.”

“அப்ப அது யாரு?”

“அது நீங்க டீச்சர். அது ஏழாப்பு, உங்க ரூமு. சாப்பாட்டு பெல் அடிச்சாச்சு. எல்லாரும் வெளிய போயிட்டாங்க.”

“பக்கத்துல யாரையாவது ஒட்டியிருக்கலாம்லட்டி?”

“பக்கத்துல யாரும் இருக்க மாட்டாங்களே டீச்சர்”னா. சண்டைக்குச் சொல்லலைம்மா. மேப்புல இருக்கிறதைத்தான் போடணும்னு நான்தான் அவளுக்கு ஆறாப்புல சொல்லிக் கொடுத்தேன். “எனக்குத் தெரியும்ல டீச்சர், நான் அங்கதானே இருந்தேன். ரொம்ப அமைதியா இருக்கும்”னா.

அவ அம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டா. நான் அங்கயே நின்னேன். அப்புறம் ஒரு காரியம் பண்ணினேன். உங்ககிட்ட சொல்றதுல என்ன, நீங்க யாரோ நான் யாரோ. அந்த ஒத்த முத்தை நகத்தால பேத்து எடுத்து என் பர்சுல போட்டுக்கிட்டேன். இந்தா, இருக்கு பாருங்க. பசைகூட இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க. நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் விரலை வச்சுத் தடவிப் பாக்கும். அதைத் தடவிப் பாக்க வேண்டாம்னு தோணுச்சு.

மறுநாளே மாற்றுப்பணிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். எச்.எம். சொன்னார், “இன்னும் மூணு மாசம்தானே டீச்சர்? பிள்ளை ஒன்பதாப்புக்கு வேற ஸ்கூலு போயிரும், எல்லாம் சரியாப் போகும்”னு. சரியாப் போகுமாம்! என்கிட்ட இருந்து போறது அவரு கண்ணுக்குச் சரியாப் போறதாத் தெரியுது.

ரெண்டே வாரத்துல ஆர்டர் வந்துருச்சு, நேத்து சால்வை போட்டாங்க. பெனிட்டா என் காலைத் தொட்டுக் கும்பிட்டா. “நீங்க எழுதின நோட்டு எழுபத்தி மூணையும் எனக்குக் கொடுங்க டீச்சர். அந்த எழுத்து மாதிரி எனக்கு வராது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகும்”னா. கொடுத்தேன். கொடுக்காம என்ன செய்ய? கெட்ட பொண்ணுன்னு நான் சொல்லவே இல்லையே.

கிளம்பும்போது ஸ்டூலைத் தூக்கிக்கிட்டு வராந்தா வழியா வாரேன். கண்காட்சிக்குன்னு கொண்டு போயிருந்த மேப்பு அப்பதான் திரும்பி வந்திருக்கு, உலகும் இன்னும் மூணு பிள்ளைகளும் அதுகிட்ட நிக்குதுக. உலகு விரலை வச்சுத் தடவிக்கிட்டே, “டீச்சர், உங்க முத்து விழுந்துருச்சு டீச்சர்!”னா. குரலே மாறிப் போச்சு அவளுக்கு. சடார்னு கீழ உட்கார்ந்து தரையைத் தடவித் தேட ஆரம்பிச்சுட்டா. மத்த மூணும் கூடச் சேர்ந்து தேடுது. பெஞ்சுக்கு அடியில, வாசல்படி இடுக்குல, “புஷ்பம் டீச்சர் எங்கட்டி, புஷ்பம் டீச்சரைக் காணோம்”னு சொல்லிச் சொல்லித் தேடுதுக. நாலும் முட்டி போட்டு. நான் பர்சைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நிக்கிறேன். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வருது. இத்தனை வயசுல என்னை யாரும் இப்படித் தேடினது இல்ல.

கடைசியில உலகு எந்திரிச்சா. கையைத் தட்டிக்கிட்டு, “பரவாயில்ல டீச்சர், வேற முத்து ஒட்டிருவோம்”னா. பாவாடை மடிப்புல இருந்து ஒண்ணு எடுத்தா. என் பக்கமா மூஞ்சியைத் தூக்கி, “எங்க ஒட்டணும் டீச்சர்? நீங்க எங்க இருக்க ஆசைப்படுறீங்க?”ன்னு கேட்டா.

நாலும் என் பதிலுக்காக நிக்குது. நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க? “பஸ்ஸுக்கு நேரமாச்சு”ன்னேன். வந்துட்டேன். கேட்டு வரைக்கும் பின்னாடியே வந்து இந்த நெல்லிக்காய்ப் பொட்டலத்தைக் கொடுத்தா.

எங்க ஒட்டினாளோ, தெரியலை. அந்த ரூமுலயே ஒட்டினாளா, வேப்பமரத்தடியிலயா, இல்ல ஒட்டவே இல்லையா. ராத்திரி பூரா அதே யோசனை. பெனிட்டா நம்பர் இருக்கு. போன் பண்ணிக் கேக்கலாமா? ஒரு புளியமுத்துக்காக போன் பண்ணினா என்ன நினைப்பா? நீங்களா இருந்தா கேப்பீங்களா?

புது ஸ்கூல்ல காது கேக்காத பிள்ளை ஒண்ணு இருக்காம். ஆறாப்பு. நேத்தே அந்த ஸ்கூல் எச்.எம்.முக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன், அந்தப் பிள்ளையை என் மேசைக்குப் பக்கத்துல போட்டுருங்க, ஸ்டூலு நான் கொண்டு வாரேன்னு. அதுக்கும் ஒரு அம்மா இருப்பா, பாத்துக்கோங்கம்பா. பாத்துக்கணும்ல?

கழுகுமலை வந்துருச்சா, அதுக்குள்ளயா? நான் பேசினதே தெரியலை. எல்லாரும் இறங்குறாங்க. அது உங்க நாத்தனார்தானே, கை காட்டிக் கூப்பிடுறது? மூணு பேர் சீட்டு, உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்காங்க. இல்லம்மா, இங்க இந்த ஸ்டூலே… சரி, சரி. போங்க. அங்கதான் உங்களுக்கு வசதி. கூட வந்தவங்களோட உட்காருங்க. நெல்லிக்காயை எடுத்துக்கிட்டுப் போங்க, அவங்களுக்கும் கொடுங்க.

இல்ல, ஸ்டூலை ஓரமாத் தள்ள வேண்டாம். இங்கயே, என் பக்கத்துலயே இருக்கட்டும். யாராவது ஏறினாலும் ஏறுவாங்க. ஏறலைன்னா, பையை அது மேல வச்சுக்கிறேன்.